புகைக்குரியவர் யார்?

ஒரு செயலின் பயனை ஒருவர் நுகர, அதனால் விளையும் தீங்கு வேறோரிடத்தில் விழுமாயின், அத்தீங்கினை யார் பெயரில் எழுதுவது? நூல்களில் மட்டும் ஆராய்தற்குரிய வினா இதுவென முன்னாளில் கருதியிருக்கலாம். இந்நாளிலோ நாடுகளும் மாநிலங்களும் நகரங்களும் தத்தம் கரியமில வாயு, மீதேன் முதலியவற்றை டன் கணக்கில் எழுதிவைக்க முற்பட்டிருத்தலின், இவ்வினா கணக்கரின் மேசைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

தில்லி மாநகரை எடுத்துக்கொள்வோம். அதன் தென்கோடியில் இயங்கிவந்த பதர்ப்பூர் அனல் மின்நிலையம் 2018-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் மூடப்பட்டது. 705 மெகாவாட் திறனுடைய அந்நிலையத்தை மூடியது நன்றே. நகரத்துக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தைகளின் பொருட்டு அது இன்னும் முன்னதாகவே நிகழ்ந்திருத்தல் வேண்டும். ஆயினும் நிலையம் மூடப்பட்டமையால் தில்லி மக்களின் மின்தேவை குறைந்துவிடவில்லை. எல்லைக்குள் எழும் புகையை மட்டும் பதியும் ஏட்டில் ஒரு தொகை கழிந்தது. மின்சாரமோ பிற மாநிலங்களிலிருந்து கம்பி வழியே வந்துகொண்டிருக்கிறது.

அவ்வாறு மின்சாரம் அனுப்பும் இடங்களுள் ஒன்று, மத்தியப் பிரதேசமும் உத்தரப் பிரதேசமும் சந்திக்கும் சிங்ரௌலி வட்டாரம். 1962-இல் நிறைவெய்திய ரிஹந்து அணையின் நீர்த்தேக்கத்துள் அங்குப் பல ஊர்கள் மூழ்கின. இடம்பெயர்ந்து அருகே குடியேறியவருள் பலர், பின்னர் நிலக்கரிச் சுரங்கங்களும் மின்நிலையங்களும் வந்தபோது மறுமுறையும் பெயர்க்கப்பட்டனர். அங்குள்ள விந்தியாசல் நிலையம் 4,760 மெகாவாட் திறனுடையது. இந்நாட்டு அனல் மின்நிலையங்களுள் அதுவே பெரிது. அதன் மின்சாரம் குஜராத்துக்கும் மகாராஷ்டிரத்துக்கும் கோவாவுக்கும் செல்கிறது. அண்டையிலுள்ள சிங்ரௌலி நிலையத்தின் மின்சாரம் தில்லி, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் முதலியவற்றுக்குப் போகிறது. நிலக்கரியில் பிறக்கும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு எழும். நிலத்தளவில் மட்டும் கணக்கெழுதி, அதனை ஊராரின் தலைக்கு வகுத்தால், குடிசையில் வாழும் சிங்ரௌலியார் பெரும் புகையாளராகவும், குளிர்சாதன அறையில் உறங்கும் தில்லியார் தூயோராகவும் தோன்றுவர். கூட்டலில் பிழையில்லை, ஆயினும் இக்கணக்கு உண்மையுரைக்கின்றதென நாம் ஒப்புவதற்கில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. சுரங்கத்தாலும் நிலையத்தாலும் அவ்வட்டாரம் கூலியும் மாநிலம் வருவாயும் பெறுகின்றன. ஆதலின் புகையும் அவற்றுடையதே என்பர். ஒரு பகுதி மெய்தான். கொலைஞனிடம் ஊன் வாங்குவோன், "நான் கொல்லவில்லை" என்பதும், விற்போன், "வாங்குவோர்க்காகவே கொன்றேன்" என்பதும் பழைய வழக்கு. இருவருள் எவரும் முற்றும் விடுபடார். எனினும் மறுப்போர் ஒன்றை மறக்கின்றனர்: கூலி பெறுவோரும் நிலமிழந்தோரும் எப்பொழுதும் ஒருவரேயல்லர்.

நகரக் கணக்குக்கென 2014-இல் வெளிவந்த உலகளாவிய நெறிமுறை இச்சிக்கலை அறிந்தே, புகையை மூன்று வகையாகப் பிரித்தது. எல்லைக்குள் எழுவது ஒன்று. வெளியிலிருந்து பெறும் மின்சாரத்தின் பொருட்டு எழுவது மற்றொன்று. கம்பிவழி இழப்பு உள்ளிட்டு நகரத்தாரின் செயலால் வெளியே எழும் பிற மூன்றாவது. முதலிரண்டையும் நாடு முழுமைக்கும் கூட்டினால் ஒரே புகை இருமுறை எண்ணப்படுமாதலின் அவை தனித்தனியே நிற்றல் வேண்டும். நாட்டின் மொத்தத்தை அறிய முதலேடு போதும்; யார் எதைக் குறைக்கக் கடமைப்பட்டவர் என்பதற்கு இரண்டாவதையே முதலில் விரிக்க வேண்டுமென்பது நம் துணிபு.

அளவுகோலிலும் அறம் ஒளிந்திருக்கிறது. ஒரு டன் மீதேன், நூறாண்டுக் காலத்தை நோக்கினால் 28 டன் கரியமில வாயுவுக்கும், இருபதாண்டை நோக்கினால் 84 டன்னுக்கும் ஒப்பாகுமென 2013-ஆம் ஆண்டின் பன்னாட்டு அறிவியல் மதிப்பீடு கூறிற்று. வாயு ஒன்றே, எத்தலைமுறையின் துயரை நினைக்கிறோம் என்பதற்கேற்ப எண் மும்மடங்காகிறது. இஃதன்றி, நெல்வயலில் எழும் மீதேனையும் சொகுசு வண்டியின் புகையையும் ஒரே தட்டில் வைக்கலாகுமா என்று அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-இல் கேட்டனர். உயிர்வாழ்வதற்கான புகை வேறு, ஆடம்பரத்துக்கான புகை வேறு என்றனர். முப்பதாண்டு கடந்தும் நம் ஏடுகளில் அப்பாகுபாட்டுக்கு இடமில்லை. 2020-இல் இந்தியா வெளியிட்டது ஏறத்தாழ 296 கோடி டன், அதில் முக்காற்பங்கு எரிசக்தித் துறையினது என்று சர்க்கார் கணக்கு சொல்லும். அடுப்புக்கு எவ்வளவு, அலங்காரத்துக்கு எவ்வளவு என்று சொல்லாது.

இனி வருங்காலத்துக்கு வருவோம். 2014-இல் திட்டக் கமிஷன் 2047 வரையிலான எரிசக்திக் காட்சிகளை வரைய ஒரு கணிப்பொறிக் கருவியை வெளியிட்டது. மிகக் குறைந்த முயற்சி முதல் வீரமுயற்சி வரை நான்கு படிகள். எவரும் தாம் விரும்பும் படியைத் தேர்ந்து விளைவைக் காணலாம். இவை சோதிடமல்ல, இது செய்யின் இது விளையும் என்னும் காரண காரிய உரையே. இக்கருவியில் தேவையின் அளவையும் மாற்றலாமென்பது போற்றத்தக்கது. ஏனெனில், திட்டம் வகுப்போர் பலர் மின்தேவையை மழைபோல் தானே பெய்வதாகக் கொண்டு, அதனை எதனால் நிரப்புவது என்று மட்டும் வினவுகின்றனர். முதல் விளக்கு வேண்டுவோரின் தேவையும், நான்காவது குளிர்சாதனம் வேண்டுவோரின் வேட்கையும் அங்கே ஒரே கோடாக மேலேறுகின்றன.

2070-இல் நிகரப் புகையை இன்மையாக்குவதாக 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா உறுதி கூறியுள்ளது. நிலக்கரி குன்றும் காலம் சிங்ரௌலிக்கும் வரும். அணைக்கு ஒருமுறையும் கரிக்கு ஒருமுறையும் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் அன்று அச்சுரங்கங்களை நம்பியிருப்பர். ஆகவே, எதிர்காலக் காட்சிகளை எழுதுவோர் குறையும் ஒவ்வொரு டன் கரிக்கும் எதிரே, அது எவ்வூரில் குறைகிறது, அங்குள்ளார் மறுநாள் எத்தொழில் செய்வர் என்னும் இரண்டு பத்திகளையும் சேர்த்து, அவற்றை அவ்வூராரைக் கேட்டே நிரப்புவாராக.