ஒன்னும் ஆகலையே

ஒரு சோதனையில் பொய் சொல்லப்பட்டது. பிறகு அதே பொருளை மறுபடியும், இந்த முறை ஒழுங்காகச் சோதித்தார்கள். தேறிவிட்டது. அப்படியென்றால் முதலில் சொன்ன பொய்யால் யாருக்கு என்ன கெட்டது?

தத்துவ வகுப்புக்காக உருவாக்கிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் 2023-ஆம் ஆண்டின் இறுதியில், ஜப்பானின் டைஹட்சு நிறுவனம் கார்ப் பாதுகாப்புச் சோதனைகளில் பல ஆண்டுகளாக முறைகேடு செய்துவந்தது வெளியானபோது, நம்மூர்ச் சாப்பாட்டுக்கடை மேசைகளில் உருண்டது இதே கேள்விதான். “அதான் திரும்ப டெஸ்ட் பண்ணிட்டாங்கல்ல? காடி நல்லாத்தானே ஓடுது? ஒன்னும் ஆகலையே, அப்புறம் என்னா?”

இந்த ‘ஒன்னும் ஆகலையே’வை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. அதற்குள் ஒரு அறக்கோட்பாடே இருக்கிறது.

முதலில் டைஹட்சு யார் என்று பார்த்துவிடலாம். அந்தப் பெயரை நம் சாலைகளில் இன்று அதிகம் பார்க்க முடியாது. ஆனால் அதன் வேலைக்குள்தான் தினமும் உட்கார்ந்து போகிறோம். 1907-இல் ஒசாகாவில், அயல்நாட்டு எஞ்சின்களை நம்பியிராமல் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று தொடங்கப்பட்ட நிறுவனம் அது. ஒசாகா என்று எழுதும்போது வரும் முதல் எழுத்தை ‘டாய்’ என்றும் வாசிக்கலாம். எஞ்சினுக்கான பழைய ஜப்பானியச் சொல் ‘ஹட்சு’ என்று தொடங்கும். இரண்டையும் ஒட்டினால் நிறுவனத்தின் பெயர். 1930களில் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகள் செய்தார்கள். 1957-இல் வந்த ‘மிட்ஜெட்’ என்ற குட்டி மூன்று சக்கர வண்டி, குறுகலான சந்துகளில் சிறு வியாபாரிகளுக்குக் கை கொடுத்தது. பேங்காக்கின் துக்துக் வண்டிகளுக்கு அதுதான் மூத்தது. ஆடம்பரத்துக்காக யாரும் டைஹட்சு வாங்கியதில்லை. சின்னது, மலிவானது, பெட்ரோலைக் குடிக்காது, மக்கர் பண்ணாது. அதன் பேர் இவ்வளவுதான். ஆனால் சின்னக் கையிருப்போடு வாழ்பவர்களுக்கு இது பெரிய பேர்.

அந்தப் பேர் 1994-இல் நம் வீட்டு வாசலுக்கு வந்தது. பெரோடுவா நிறுவனத்தின் முதல் கார், சருகுமானின் பெயரைத் தாங்கிய கஞ்சில், டைஹட்சு மீராவின் வழியில் வந்தது. 660 சிசி எஞ்சின். அப்பா, அம்மா, நடுவில் ஒரு பிள்ளை, முன்னால் டேங்கில் ஒரு பிள்ளை என்று மோட்டாரில் போய்க்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களை முதன்முதலாகக் கூரைக்குக் கீழே உட்கார வைத்தது. 2005-இல் வந்த மைவியின் அடிப்படையும் டைஹட்சுதான். நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் முந்தும் என்று தெரியாத மைவியைப் பற்றி எத்தனை நகைச்சுவை இருந்தாலும், அந்தக் கேலிக்குள் ஒரு சொந்தம் உண்டு. 2016-இல் டைஹட்சு முழுமையாக டொயோட்டாவின் துணை நிறுவனமானது.

இனி, நடந்தது என்ன?

2023 ஏப்ரலில், உள்ளிருந்து ஒருவர் கொடுத்த தகவலால் முதல் செய்தி வெளிவந்தது. பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய கார்களின் முன்கதவு உட்பக்கத்தில், விற்பனைக்கு வரும் கார்களில் இல்லாத ஒரு மாற்றத்தைச் செய்திருந்தார்கள். உடையும்போது கூர்முனை வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. 88,000-க்கும் மேற்பட்ட கார்கள் இதில் அடங்கின. பெரும்பாலானவை டொயோட்டா பெயரில் விற்றவை. நம்முடைய பெரோடுவா அக்சியாவும் பட்டியலில் இருந்தது. இதை விசாரிக்க அமைக்கப்பட்ட வெளியார் குழு தோண்டத் தோண்ட, டிசம்பரில் வேறொரு கணக்கு வந்தது: 64 மாடல்கள், 174 முறைகேடுகள். ஆகப் பழையது 1989-இல் நடந்தது. 2014-க்குப் பிறகு எண்ணிக்கை கூடியிருந்தது. டைஹட்சு தன் எல்லாக் கார்களையும் அனுப்புவதை நிறுத்தியது. ஜப்பானில் இருந்த அதன் தொழிற்சாலைகள் ஆண்டு முடிவதற்குள் நின்றன. அடுத்த பிப்ரவரியில்தான் ஒவ்வொன்றாக மூச்சுவிடத் தொடங்கின.

அந்த முறைகேடுகளில் இரண்டைச் சொல்கிறேன். மோதும்போது காற்றுப்பையை விரிக்க வேண்டியது காரில் உள்ள உணரியும் அதன் கட்டுப்பாட்டுக் கருவியும். சோதனை நாளுக்குள் அந்தக் கருவி தயாராகவில்லை. அதனால் நேரம் குறித்து வெடிக்கும் ஒரு டைமரை வைத்துக் காற்றுப்பையை விரித்தார்கள். இன்னொன்று: பயணி இருக்கையின் தலைசாய்ப்பானுக்குச் செய்ய வேண்டிய சோதனைக்கு, ஓட்டுநர் இருக்கையின் முடிவையே எழுதிக் கொடுத்தார்கள். ரெண்டும் ஒரே மாதிரிதானே, ஒன்னு தேறினா இன்னொன்னும் தேறும் என்ற நினைப்பு.

அந்த நினைப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது என்பதுதான் சிக்கல். மறுசோதனைகளில் பெரும்பாலான கார்கள் விதிகளுக்குள் வந்தன. விதிவிலக்குகள் இருந்தன, ஜப்பானில் ஒரு சிறிய லாரிக்கும், அதே வண்டி டொயோட்டா, மாஸ்டா பெயர்களில் விற்ற வடிவங்களுக்கும் அரசு அங்கீகாரத்தை ரத்து செய்தது. ஆனால் மொத்தமாகப் பார்த்தால், பொறியாளர்கள் மனதில் போட்ட கணக்கு பெரிதாகத் தப்பவில்லை.

இங்கேதான் ‘ஒன்னும் ஆகலையே’ வலுவாக எழுந்து நிற்கிறது. நம் மரபிலிருந்தே அதற்குச் சாட்சி கொண்டுவர முடியும். வாய்மை என்றால் என்ன என்று கேட்டுக்கொள்ளும் வள்ளுவர், உள்ளதை உள்ளபடி சொல்வது என்று விடை தரவில்லை. தீமை சிறிதும் இல்லாததைச் சொல்வது என்கிறார். அடுத்த குறளில் இன்னும் ஒரு படி போய், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்கூட வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார். ஜெர்மானியத் தத்துவவாதி காண்ட் இதற்கு நேர் எதிர். கொலைகாரன் வாசலில் நின்று நண்பனைத் தேடினாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் வாதாடியவர். நம்மில் பெரும்பாலோர் வள்ளுவர் பக்கம்தான் நிற்போம். நானும்தான். அப்படி நின்றுகொண்டே, டைமர் வைத்தவரைத் தப்பு செய்தவர் என்று சொல்ல முடியுமா?

முடியும் என்று நினைக்கிறேன்.

தீமை விளையாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்வதற்குத்தானே அந்தச் சோதனை! வாசலில் கொலைகாரனைப் பார்ப்பவனுக்கு நண்பனின் ஆபத்து கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. அவன் பொய்யின் பலனும் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். சோதனைக்கூடத்தில் இருப்பவருக்கு அப்படி எதுவும் தெரியாது. அந்தக் கார் எந்த ஊரில், எந்த மழையில், யாருடைய பிள்ளையை ஏற்றிக்கொண்டு மோதும் என்று அவர் அறிய வழியில்லை. ‘ஒன்னும் ஆகாது’ என்பது அவருடைய ஊகம். பிறகு நிஜமாகவே ஒன்றும் ஆகாமல் போனது அவருடைய அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை எடுத்து அறத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

இதே பழக்கத்துக்கு அதிர்ஷ்டம் கைகொடுக்காதபோது என்ன ஆகும் என்பதற்கு வேறொரு ஜப்பானிய நிறுவனத்தின் கதை இருக்கிறது. அதுவும் நமக்கு அந்நியமில்லை; 1985-இல் வந்த முதல் புரோட்டான் சாகா, மிட்சுபிஷியின் தொழில்நுட்பத்தில் பிறந்தது. அந்த மிட்சுபிஷி, வாடிக்கையாளர் புகார்களை 1970களிலிருந்தே அரசிடம் காட்டாமல் மறைத்துவந்தது 2000-இல் அம்பலமானது. அதற்குப் பிறகும் எல்லாவற்றையும் அது வெளியே சொல்லிவிடவில்லை. 2002 ஜனவரியில் யோகோஹாமாவில், ஓடிக்கொண்டிருந்த மிட்சுபிஷி கனரக வண்டியிலிருந்து ஒரு சக்கரம் கழன்று உருண்டது. நடைபாதையில் பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த ஓர் இளம் தாய் இறந்துபோனார். வண்டியை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று நிறுவனம் முதலில் வண்டி உரிமையாளர் மீது பழியைப் போட்டது. சக்கரத்தைத் தாங்கும் பாகத்திலேயே குறை என்று ஒப்புக்கொள்ள 2004 ஆனது.

மிட்சுபிஷியில் குறை இருந்தது, டைஹட்சுவில் பெரும்பாலும் இல்லை. இந்த வித்தியாசம் பெரியது, மறுக்கவில்லை. ஆனால் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து தாளில் எழுதிய அந்த நொடியில், இரண்டு இடத்திலும் மனிதர்கள் செய்தது ஒன்றுதான். தெரிந்துகொள்ள வேண்டியவருக்குத் தெரியாமல் ஆக்கினார்கள்.

கார் வாங்கப் போகும்போது நாம் என்ன செய்கிறோம்? கதவைத் திறந்து சாத்திப் பார்க்கிறோம். இருக்கையை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கிறோம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறோம். யாரும் சுவரில் மோதிப் பார்ப்பதில்லை. அதை நமக்காக இன்னொருவர் செய்கிறார். அவர் ஒரு காரை இடித்து நொறுக்குகிறார். நாம் நொறுங்காத இன்னொரு காரை வாங்குகிறோம். இரண்டு கார்களுக்கும் நடுவில் இருப்பது ஒரு தாள். எதிரில் இல்லாத ஒருவருக்கு, ‘உங்களுக்காக நான் பார்த்துவிட்டேன்’ என்று கொடுக்கும் வாக்கு அது. பார்க்காமலேயே அப்படிச் சொன்னால், கார் நன்றாக இருந்தாலும் வாக்கு பொய்த்துவிட்டது. வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சாவி வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை, திருடனும் வரவில்லை. திரும்பி வந்தபின் உண்மை தெரிந்தால், ‘ஒன்னும் ஆகலையே’ என்று சிரித்துக்கொண்டே அவரிடம் மறுபடி சாவியைக் கொடுப்போமா?

சரி, டைமர் வைத்தவரைத் தூக்கில் போட்டுவிடலாமா? வெளியார் குழு அப்படிச் சொல்லவில்லை. குறை சொல்லப்பட வேண்டியவர்கள் களத்தில் இருந்த ஊழியர்களைவிட மேலிருந்த நிர்வாகிகளே என்றது. குறுகிய காலத்தில் புதிய கார்களைக் கொண்டுவருவதே நிறுவனத்தின் பெருமையாகிவிட்டது. விற்பனைத் தேதி முதலிலேயே முடிவாகிவிடும். சோதனை கடைசியில் வரும். இடையில் தாமதமான ஒவ்வொரு நாளும் கடைசியில் இருப்பவரின் தலையில் விழும். முதல் தடவையிலேயே தேற வேண்டும், தோற்றால் திரும்பச் செய்ய நேரமில்லை. ஆளும் குறைவு. ‘முடியாது’ என்று சொன்னால் கேட்க மேலே காது இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. டைஹட்சுவின் தாய் நிறுவனமான டொயோட்டாவின் வேர் ஒரு நெசவுத் தறியில் இருக்கிறது. சகிச்சி டொயோடா உருவாக்கிய அந்தத் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அதே எண்ணம்தான் பின்னால் கார்த் தொழிற்சாலைக்கு வந்தது. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேலிருக்கும் கயிற்றை இழுக்கலாம். தீர்வு கிடைக்காவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். உலகமே வந்து படித்துவிட்டுப் போன முறை. ஆனால் சோதனைக்கூடத்து மேசைக்கு மேலே அப்படி ஒரு கயிறு தொங்கவில்லை. நூல் அறுந்த பின்னும் தறி ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் டைமர் வைத்த கைக்குப் பொறுப்பே இல்லை என்று ஆகாது. வள்ளுவர் மூன்றாவதாகச் சொன்னது இங்கே உதவும்: தன் மனம் அறிந்த ஒன்றில் பொய் சொல்லாதே, சொன்னால் அந்த மனமே உன்னைச் சுடும். முதல் இரண்டு குறளும் விளைவைப் பார்க்கின்றன. மூன்றாவது, விளைவு தெரிவதற்கு முன்பே, சொல்பவனுக்குள் நடப்பதைப் பார்க்கிறது. உள்ளிருந்து தகவல் கொடுத்தவரின் பெயர் நமக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் 1989 முதல் அந்த வேலையிடத்தில் எத்தனையோ பேர் ‘ஒன்னும் ஆகலையே’ என்று தங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தபோது, அவர் ஒருவருக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. இல்லாத கயிற்றை அவர்தான் இழுத்தார்.

கடைசியாக நம் பக்கம். இவ்வளவுக்குப் பிறகும் மலேசியாவில் பெரோடுவா 2023-இலும் 2024-இலும் ஆண்டுக்கு 3 லட்சத்துக்கும் அதிகமான கார்களை விற்றது. பேர் கெடவில்லை. இதை மக்களின் நம்பிக்கை என்று சொல்லலாம். முப்பது வருடம் ஓடிய கஞ்சில்களும் மைவிகளும் சம்பாதித்துக் கொடுத்த நம்பிக்கை அதில் உண்மையாகவே இருக்கிறது. ஆனால் இன்னொரு பாதியும் இருக்கிறது. முதல் வேலை, சிறு சம்பளம், ஒன்பது வருடக் கடன், வீட்டிலிருந்து வேலையிடத்துக்கு ஒழுங்கான பஸ் கிடையாது. அந்த இளைஞரிடம் போய், ‘இந்த காடியை நம்புறீங்களா தம்பி?’ என்று கேட்டால் என்ன சொல்வார்? ‘வேற எதண்ணே வாங்குறது?’

சந்தேகப்படுவதற்கும் வசதி வேண்டும். பணம் உள்ளவர் வேறு பிராண்டுக்கு மாறிக்கொள்வார். இல்லாதவர் நம்பித்தான் ஆக வேண்டும். அதனால்தான் மலிவான காரின் சோதனைத் தாள், விலையுயர்ந்த காருடையதைவிடக் கவனமாக எழுதப்பட வேண்டும் என்கிறேன். விலகிப் போக முடியாதவருக்குக் கொடுத்த வாக்கு அது.

‘ஒன்னும் ஆகலையே’ என்பது மன்னிக்கிறவர் சொல்லக்கூடிய வார்த்தை. எல்லாம் தெரிந்த பிறகு, அந்த இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்பவர் அதைச் சொல்லலாம். அவருக்குத் தெரியாமல், அவர் சார்பாக, அதை முன்கூட்டியே சொல்லிக்கொள்ள ஒசாகாவில் யாருக்கும் உரிமை இருக்கவில்லை.