அளவுகோலும் தீர்ப்பும்

கட்டுரைக்கு மதிப்பெண் இடுவது நீதி சார்ந்த செயல். இடுபவர் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். எழுதியவர் அதைக் கேட்க உரிமையுள்ளவர். ரூப்ரிக் எனப்படும் மதிப்பீட்டு அளவுகோல் இந்தக் கடமையை எழுத்தில் வைக்கிறது. கருத்து, அமைப்பு, சான்று, மொழி என்று கூறுகளைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எது சிறந்தது, எது போதியது, எது குறையுடையது என்று முன்கூட்டியே அறிவிக்கிறது.

இப்படி ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1961இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பால் டீடரிச்சும் உடன் ஆய்வாளர்களும் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களின் 300 கட்டுரைகளைப் பல துறைகளைச் சேர்ந்த 53 பேரிடம் கொடுத்து, 9 தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். அளவுகோல் எதுவும் தரவில்லை. 101 கட்டுரைகளுக்கு 9 தரங்களுமே கிடைத்தன. ஒருவர் முதல் தரம் என்றதை இன்னொருவர் கடைசியில் தள்ளியிருந்தார். சிலர் கருத்தைப் பார்த்தார்கள், சிலர் பிழைகளை எண்ணினார்கள், சிலர் சொல்லாட்சியில் நின்றுவிட்டார்கள்.

எழுத்தை வரையறுத்த கூறுகளால் அளக்கும் வழக்கம் தமிழில் பழையது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுக்கிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் ஆகிய குற்றங்களை இன்றைய மாணவர் கட்டுரையிலும் காணலாம்.

ஆனால் பட்டியல் தானாகத் தீர்ப்புச் சொல்லாது. ஒரு விதி இந்த இடத்தில் பொருந்துமா என்று அறிய இன்னொரு விதி வேண்டுமென்றால், அதற்கும் வேறொரு விதி தேவைப்படும். அதற்கு முடிவே இல்லை. இம்மானுவேல் கான்ட் 1781இல் வெளியிட்ட ‘தூய அறிவின் விமர்சனம்’ நூலில் இதைச் சுட்டிக்காட்டி, தீர்ப்புத் திறன் பயிற்சியால் மட்டுமே கூர்மைப்படும் என்றார். எடுத்துக்காட்டுகளை அவர் அத்திறனின் நடைவண்டி என்றார்.

ஆகவே அளவுகோல் தாளை மாணவர் கையில் கொடுப்பதோடு கற்பித்தல் முடிந்துவிடாது. பெயர் நீக்கிய சில கட்டுரைகளை ஒவ்வொருவரும் தனியே மதிப்பிட வேண்டும். இட்ட மதிப்பெண்ணுக்குக் காரணமான வரியைச் சுட்ட வேண்டும். ‘போதிய சான்று’ என்பதற்கு ஒருவர் 4 மதிப்பெண்ணும் மற்றவர் 2 மதிப்பெண்ணும் இட்டால், உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் அவசரப்பட்டு விடை சொல்லிவிடக் கூடாது. மாணவர்கள் வாதித்த பிறகு மறுபடி மதிப்பிட்டு, அதே கண்ணோடு தம் கட்டுரையைத் திருத்த வேண்டும்.

அளவுகோல் எதிர்பாராத வகையில் சிறந்த கட்டுரையும் வரும். அப்போது திருத்த வேண்டியது அளவுகோலைத்தான். அந்த உரிமையையும் ஆசிரியர்கள் வகுப்புக்கு வழங்க வேண்டும்.