சுட்டவரின் துயரம்

2024 தீபாவளிக்கு வெளிவந்த 'அமரன்' பலரைக் கலங்க வைத்தது. 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் உயிர்நீத்த மேஜர் முகுந்த் வரதராஜனின் வாழ்க்கையை, அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸின் நினைவு வழியே இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி சொன்னார். சாவுக்குப் பின் ஒரு வீட்டில் கவியும் வெறுமையைத் தமிழ்ப் படம் இவ்வளவு பொறுமையாகக் காட்டுவது அரிது. ஆனால் இழந்தவர்களின் துயரத்தில் தோய்ந்த அளவுக்கு, கொல்ல நேர்ந்தவரின் துயரத்தில் அந்தப் படம் நிற்கவில்லை. நாட்டுப்பற்றைப் பேசும் படத்தில் அதற்கு இடம் உண்டா?

கூடாது என்பவர்களின் வாதத்தை எளிதில் தள்ள முடியாது. எதிரே துப்பாக்கியோடு நிற்பவனைச் சுடாவிட்டால் பக்கத்தில் இருக்கும் சக வீரர் சாவார். மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய், அவன் வருந்தியிருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆயினும் வருந்துவது வேறு, குற்றவாளியாவது வேறு. 2022இல் வந்த ஜெர்மானியப் படமான 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' படத்தில், குண்டு விழுந்த பள்ளத்துக்குள் பிரெஞ்சு வீரனைக் குத்திய இளைஞன், அவன் உயிர் போகும் முன் தண்ணீர் கொடுக்கத் தவிக்கிறான். அதைப் பார்க்கும் எவரும் அவனைக் கோழை என்று சொல்லமாட்டார்கள்.

வருத்தம் பற்றைக் குறைத்துவிடும் என்ற பயத்துக்கு, விருத்தாசலத்தை அடுத்த பெண்ணாடத்திலேயே மறுமொழி இருக்கிறது. சமணத்தில் கழித்த தம் பழைய வாழ்வை எண்ணி நொந்த சைவ அடியார் திருநாவுக்கரசர், தம் உடம்பில் சூலமும் இடபமும் பொறிக்க வேண்டிப் பெற்றது அவ்வூர்த் தூங்கானைமாடக் கோயிலில்தான் என்கிறது பெரியபுராணம். அன்றைய சமயப் பூசல் இன்று நமக்கு வேண்டாம். ஆனால் அந்த நோவு அவர் பக்தியைக் குறைத்ததாக யாரும் சொன்னதில்லை. அதனால் அது ஆழப்பட்டது என்றே ஊர் நம்புகிறது.

முகுந்துக்கு 2015இல் வழங்கப்பட்டது அசோக சக்கரம். அமைதிக்காலத்தில் இந்நாடு தரும் மிக உயர்ந்த வீர விருது அது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதைத் தம் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் சொல்லி வருந்தியவர் அசோகர். வென்ற பிறகு வருந்திய ஓர் அரசரின் சின்னத்தைத்தான் நம் வீரர்களின் மார்பில் அணிவிக்கிறோம். திரைப்படம் மட்டும் அந்த வருத்தத்துக்கு ஏன் கூச வேண்டும்?

சுட்டவர் மட்டும் அதைச் சுமப்பதும் நியாயமில்லை. அவரை அனுப்பியது நாம் வாக்களித்து அமைத்த அரசு. எதிரி விழும்போது விசிலடிக்கும் நமக்கும் அதில் பங்கு உண்டு. வீரரை உண்மையாக மதிக்கும் இயக்குநர்களே, அடுத்த சண்டைக்குத் தாவுமுன் அவர் முகத்தில் கேமராவைச் சற்று நேரம் நிறுத்துங்கள். பார்க்கிறவர்களே, அந்த நேரத்தில் விசிலடிக்காதீர்கள்.