பிடித்த புத்தகத்தைப் பிறர் கையில் கொடுப்பது

தாம் விரும்பிப் படித்த நூலை மற்றவரும் விரும்பிப் படிக்க வேண்டும் என்னும் ஆசை வாசகர் எவருக்கும் உண்டு. அந்த ஆசையை அன்றாட வேலையாகவே ஏற்றுக்கொண்டவர் நூலகர். அவருக்கு எதிரே வந்து நிற்பவர் பதின்பருவத்தினராக, அதாவது 13 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டவராக இருக்கும்போதுதான் அந்த வேலை மிகவும் கடினமாகிறது. பெற்றோர் பரிந்துரைத்தார்கள், ஆசிரியர் புகழ்ந்தார் என்ற காரணத்துக்காகவே ஒரு நூலை ஐயத்தோடு பார்க்கிற வயது அது. அதே வேளையில், தன்னை ஒத்த ஒருவரை எந்தப் பக்கத்திலாவது சந்தித்துவிட மாட்டோமா என்று யாரிடமும் சொல்லாமல் தேடுகிற வயதும் அதுவே. அன்பை அறிவுரையாக மாற்றிவிடாமல் அத்தகையவரிடம் எப்படிக் கையளிப்பது என்பது நூலகத்தோடு முடிந்துவிடாத, வளரும் பிள்ளைகளோடு வாழ்கிற எல்லோருக்கும் உரிய கேள்வி.

இக்கேள்வியை வாழ்நாள் பணியாக்கிக்கொண்டவர்களுள் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து நூலகர் மார்கரெட் எட்வர்ட்ஸ் தனித்து நினைக்கத்தக்கவர். லத்தீன் ஆசிரியராக இருந்து, 1932இல் ஈனாக் பிராட் பொது நூலகத்தில் சேர்ந்த அவர், குழந்தைகள் பிரிவைக் கடந்துவிட்டாலும் பெரியவர்களின் அலமாரிகளுக்கு இடையே வழி தெரியாமல் நின்ற இளையோருக்கென்று ஒரு தனிப்பணியை அங்கே வளர்த்தெடுத்தார். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோலும் டயரும் பங்கீட்டு முறைக்குள் வந்துவிட்ட காலத்தில், குதிரை பூட்டிய வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்குச் சென்றார். அந்த வண்டியைக் காட்டிலும் அவர் தம் உதவியாளர்களைப் பயிற்றுவித்த முறை ஆழமானது. இளையோர் பிரிவில் பணியாற்ற வருகிறவர், குறித்துக் கொடுக்கப்பட்ட சில நூறு நூல்களைத் தவணை தவணையாகப் படித்துவந்து, ஒவ்வொரு தவணை முடிந்ததும் அவரோடு அமர்ந்து உரையாட வேண்டும். இந்தக் கதை எத்தகைய பிள்ளைக்குப் பொருந்தும், ஆர்வமில்லாத ஒருவரிடம் இதை எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்கலாம் என்பவையே அந்த உரையாடலில் பயில வேண்டியவை. நூலகரின் வாசிப்பு அங்கே தனி இன்பமாக மட்டும் நின்றுவிடாமல், இன்னொருவர் பொருட்டுப் படிக்கும் படிப்பாக விரிவடைகிறது. பிறருக்குப் பரிமாற வேண்டிய உணவைத் தானும் சுவைத்துப் பார்க்கிற சமையற்காரரின் கவனம் அதில் இருக்கிறது.

சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற, சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் இரண்டு இங்கே பொருந்துகின்றன. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாம் விதியின் கருத்து. நூல் ஒவ்வொன்றும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும் என்பது மூன்றாவதன் கருத்து. நூலகருக்குப் பிடித்த நூல் என்ற ஒன்றைப் பற்றி இவ்விதிகள் பேசவில்லை. அதனால் அவருடைய விருப்பத்துக்கு மதிப்பில்லை என்று ஆகிவிடாது. வாசகரும் நூலும் சந்திப்பதற்கு உதவும் அளவுக்கே அதற்கு இடம் உண்டு என்பதே பொருள். தமக்குப் பிடித்த பத்து நூல்களை எல்லோருக்கும் எடுத்து நீட்டுகிறவர் நல்ல வாசகராக இருக்கலாம். அந்தப் பத்தில் எதுவும் பொருந்தாத ஒரு பெண்பிள்ளைக்காக, தமக்கு அவ்வளவாகப் பிடிக்காத பதினோராவது நூலையும் கருத்தூன்றிப் படித்து வைத்திருப்பவரே நூலகர்.

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் பதின்பருவத்தினரின் இடம் இன்னும் தெளிவாக வரையறுக்கப்படவில்லை. சிறுவர் பகுதி இருக்கிறது, நாளிதழ்ப் பகுதி இருக்கிறது, போட்டித் தேர்வு நூல்களுக்கான பகுதி அண்மைக் காலத்தில் பெரிதும் வளர்ந்திருக்கிறது. வண்ணப் படக்கதைகளைக் கடந்துவிட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அடுத்து நேராகப் போய் நிற்பது பெரும்பாலும் தேர்வு நூல்களின் முன்னால்தான். தேர்வுக்குப் படிப்பது பலருடைய வாழ்க்கையை உயர்த்துகிறது, அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் மதிப்பெண்ணோடு தொடர்பே இல்லாத ஒரு நூலில் தன்னை மறந்து கிடக்கும் அனுபவம் இந்த வயதில் வாய்க்காமற்போனால், பின்னர் அது எளிதில் வாய்ப்பதில்லை.

எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால், பலர் வாயில் முதலில் வருவது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. ஐந்து பாகங்கள் கொண்ட அந்நாவலைச் சோழர் பெருமைக்காகப் படிக்கச் சொல்லும்போது பாதிப் பிள்ளைகள் பின்வாங்கிவிடுவார்கள். வீராணம் ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில் குதிரைமேல் வருகிற வந்தியத்தேவன், அவசரக்காரன், வாய்த்துடுக்கு மிக்கவன், போகும் இடமெல்லாம் சிக்கலில் மாட்டிக்கொள்கிறவன் என்று சொல்லிக் கொடுத்தால் அதே நூல் வேறொன்றாகிவிடுகிறது. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ இதற்கு மாறான இயல்புடையது. கல்லூரியிலும் கிரிக்கெட்டிலும் மனம் தோய்ந்திருக்கும் சந்திரசேகரனின் செகந்திராபாத்துக்குள், 1948இல் ஐதராபாத் இந்தியாவோடு இணைக்கப்பட்ட காலத்தின் வன்முறை சிறுகச் சிறுக நுழைகிறது. உரத்த சொல் ஒன்றும் இல்லாமல், விளையாட்டு வயது முடிந்துபோவதை அந்நாவல் காட்டுகிறது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ பண்ணையில் ஆடு மேய்க்கும் சிறுவர்களின் உலகம். அவர்களுடைய நட்பும் ஆட்டமும் குறும்பும் நிறைந்திருக்கும் அதே மேய்ச்சல் நிலத்தில் சாதியும் பசியும் அடிமைத்தனமும் பதுங்கியிருக்கின்றன. பறவைகளையும் அவற்றின் முட்டைகளையும் தேடித் திரியும் கரிசல்காட்டுச் சிறுவனைச் சொல்லும் கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’, தடித்த நூலைக் கண்டு மிரள்கிறவருக்கு ஏற்ற அளவுடையது. இரும்புக்கை மாயாவியின் சித்திரக்கதைகளில் மட்டும் ஊறிக்கிடக்கும் பிள்ளையை அங்கிருந்து பிடுங்கி எடுக்கவும் தேவையில்லை. படக்கட்டங்களுக்கு இடையே விட்டுப்போன நிகழ்ச்சியைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும் அந்த மனம் ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்த மனம்.

‘கூளமாதாரி’ போன்றவற்றை இந்த வயதில் கொடுக்கலாமா என்ற தயக்கம் நேர்மையானதே. ஆனால் துயரத்தை அறியாத பதின்பருவம் என்று ஒன்று இருப்பதாக நினைப்பது பெரியவர்களின் மறதி. 1967இல் வெளியான ‘தி அவுட்சைடர்ஸ்’ நாவலை எழுதிய எஸ். இ. ஹிண்டன், அதைப் பள்ளி மாணவியாக இருந்தபோதே எழுதினார். தெருச்சண்டையும் வர்க்கப் பகையும் மரணமும் கொண்ட அந்தக் கதை சில பள்ளிகளில் தடைக்கு உள்ளானது, இளையோரோ அதைத் தங்கள் கதையாகவே ஏற்றுக்கொண்டனர். மார்கரெட் எட்வர்ட்ஸ் பெயரால் இளையோர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் விருது 1988இல் முதன்முதலில் ஹிண்டனுக்கே அளிக்கப்பட்டது.

நூலைக் கொடுக்கும் அந்தச் சில நொடிகளில்தான் நூலகரின் கல்வி முழுவதும் வெளிப்படுகிறது. கதையில் ஒரு நிகழ்ச்சியை மட்டும் இரண்டு வாக்கியங்களில் சொல்லி, நூலைப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, வேறு வேலையைப் பார்க்க நகர்ந்துவிடுவது அவற்றில் அடங்கும். எடுப்பதா வேண்டாமா என்பதைத் தனியே தீர்மானிக்க அந்த விலகல் இடம் தருகிறது. நூல் திரும்பி வரும்போது என்ன கற்றுக்கொண்டாய் என்று வினவினால் நூலகம் இன்னொரு வகுப்பறையாகிவிடும். பாதியில் நிறுத்திவிட்டேன் என்று ஒரு பிள்ளை கூச்சமின்றிச் சொல்லக்கூடிய மேசையாக நூலகரின் மேசை இருக்க வேண்டும், ஏனெனில் எந்தப் பக்கத்தில் நிறுத்தியது, ஏன் சலித்தது என்னும் அந்தச் செய்தியைக் கொண்டுதான் அவர் அடுத்த நூலைத் தேடி அலமாரிக்குப் போக முடியும்.