ஏன் விற்கிறீர்கள்?

“டேபிள் டாப் கிரைண்டர், இரண்டு லிட்டர். நாலைந்து தடவைதான் ஓட்டியது. பில், அட்டைப்பெட்டி எல்லாம் இருக்கிறது. பி பிளாக், மூன்றாவது மாடி.” அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படிப்பட்ட அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. படத்தில் டிரம் பளபளக்கிறது. கேட்கும் விலை மட்டும் வாங்கியதில் பாதி.

மீதிப் பாதி எங்கே போனது? கல் தேயவில்லை. மோட்டாரும் உழைத்துக் களைக்கவில்லை. கடைக்காரர் சொன்ன விலைக்கும் பக்கத்து பிளாக்காரர் சொல்லும் விலைக்கும் நடுவில் அந்தப் பொருளுக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஷோரூமை விட்டு வெளியே வந்த கார் உடனே ஏன் அவ்வளவு விலை குறைகிறது என்ற கேள்வியோடு 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப். பொருளின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்ல பொருளை எவராவது விற்பார்களா என்று வாங்குபவருக்குத் தோன்றும். அந்தச் சந்தேகத்துக்கும் சேர்த்துக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்கு நல்ல பொருளைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? நல்லவை விலகிக்கொள்ள, சந்தையில் சொத்தைகள் மிஞ்சும். மூன்று ஆய்விதழ்கள் ஏற்க மறுத்த கட்டுரை அது. அந்தச் சிந்தனை 2001-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு பெற்றுத் தந்தது.

ஆக, காணாமல் போன பாதியைத் தின்றது தேய்மானம் அல்ல, சந்தேகம். ஊர் பேர் தெரியாதவர்கள் விற்று வாங்கும் இணையதளங்களில் முதல் கேள்வியே “கடைசியா எவ்வளவு?” என்பதுதான். குடியிருப்புக்குள் விற்கும்போது கேள்வி வேறு. கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்து, கிரைண்டரைத் தொட்டுப் பார்க்கும் முன்பே கேட்கிறார்: “நல்லாத்தானே இருக்கு, ஏம்மா விக்கிறே?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் வீட்டையே கொஞ்சம் திறந்து காட்ட வேண்டியிருக்கிறது. மாமியார் ஊரோடு போய்விட்டார். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான். இரண்டு பேருக்கு எவ்வளவு மாவு வேண்டும்? கொஞ்சமாகப் போட்டால் கல்லில் சிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். அதற்குத் தெருமுனையில் பாக்கெட் மாவு வாங்கிவிடலாம். கோவையில் 1955-இல் சபாபதி உருவாக்கியதாகச் சொல்லப்படும் வெட் கிரைண்டர், புவிசார் குறியீடு பெறும் அளவுக்கு அந்த ஊரின் அடையாளமாக வளர்ந்தது. வீடு நிறைய ஆள் இருந்த காலத்தில், ஆட்டுக்கல்லோடு மல்லாடிய பெண்களின் தோளை மீட்டெடுத்தது அது. ஓடாத கிரைண்டரைப் பார்க்கும்போது எனக்கு வீண்செலவு தோன்றுவதில்லை. குறைந்துபோன சாப்பாட்டு இலைகள்தான் தோன்றுகின்றன.

அடுத்து வருவதுதான் எனக்கு முக்கியம். “ஒண்ணு சொல்லிடறேன், ரெண்டு வருஷமா ஓடல. பெல்ட் விறைச்சிருக்கும், மாத்த வேண்டி வரலாம்” என்கிறார் விற்பவர். யாரும் கேட்காமலே சொல்கிறார். பயன்படுத்தாத பொருள் புதிதாகவே இருக்கும் என்பது நம் நினைப்பு. ரப்பர் சும்மா இருந்தும் இறுகும். இன்வெர்ட்டர் பேட்டரி கிடந்தே கெடும். வாங்குபவருக்குத் தெரியாத அந்தக் குறையை மறைத்திருந்தால் இன்னும் நானூறு ஐந்நூறு கூடக் கிடைத்திருக்கும். ஆனால் நாளைக்கு லிஃப்டில் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். மறுநாளும் பார்க்க வேண்டும்.

நேர்மை என்பது ஒருவர் மனசுக்குள் தனியாக விளைவது என்று நாம் நம்புகிறோம். முழு உண்மை அதுவல்ல. கூட இருந்தாக வேண்டியவர்களுக்கு நடுவில்தான் அது வேர் பிடிக்கிறது. விற்றுவிட்டுக் காணாமல் போக முடிகிற இடத்தில் நல்ல மனிதருக்கும் வாய் அடைத்துக்கொள்கிறது. போக முடியாத இடத்தில் சாதாரண மனிதரும் உண்மை பேசுகிறார். பொருளின் விலையைச் சந்தேகம் தின்னாமல் காப்பது வாரண்டி கார்டு அல்ல, அக்கம்பக்கம்.

பல ஆண்டுகள் ஒரே கட்டடத்தில் இருந்தும் பெயர் தெரியாமல் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதன்முதலாக ஒருவர் கதவை இன்னொருவர் தட்டுவது இப்படியொரு கிரைண்டருக்காக என்றாலும் எனக்கு மகிழ்ச்சிதான். இருவரும் விலையைப் பேசி முடிக்கட்டும். அதற்கு முன்னால் விற்பவர் ஒருபிடி அல்ல, ஒரு ஆழாக்கு உளுந்தாவது ஊறப்போட்டு, வாங்க வந்தவர் எதிரிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும். சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும். பெல்ட் மாற்றித் தரும் மெக்கானிக்கின் எண்ணையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.