யார் வீட்டுப் பணம்?

2022-ஆம் ஆண்டு, பிப்ரவரி மாதம். சிம்மக்கல்லில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கிற கடையில் ஓர் இளைஞன் கொதித்துக்கொண்டிருந்தான். பாய்லரைவிடச் சற்று அதிகமாகவே கொதித்தான் என்று சொல்ல வேண்டும்.

"ரெண்டு கோடிண்ணே! வெறும் ரெண்டு கோடி! இன்னொருத்தருக்குப் பதினாலு கோடி அள்ளிக் குடுக்கத் தெரியுது. இவருக்கு ரெண்டு கோடி குடுக்க மனசு வரலையே இவிங்களுக்கு!"

இப்படிப் பொருமிவிட்டு எழுந்தவன், கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில், "கணக்குல எழுதிக்கங்கண்ணே" என்றான். இரண்டு தேநீரும் ஒரு வடையும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் பதினைந்து ரூபாய் இல்லாதவன் இன்னொருவருடைய இரண்டு கோடியை எவ்வளவு தாராளமாகச் செலவு செய்கிறான்!

ஆனால் வீடு திரும்பும்போது, பாதி வழியிலேயே அந்தச் சிரிப்பு என்னைவிட்டுப் போய்விட்டது. ஏன் போயிற்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவனுடைய வழக்கைச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 12-ஆம் தேதி பெங்களூரில் ஐ.பி.எல். கிரிக்கெட் ஏலம். சுரேஷ் ரெய்னாவின் பெயரைக் கூவினார்கள். தொடக்க விலை இரண்டு கோடி. ஒருவரும் கை தூக்கவில்லை. சென்னை சூப்பர் கிங்ஸ்காரர்களும் தூக்கவில்லை. 2008-இல் போட்டி தொடங்கிய நாளிலிருந்து அந்த மஞ்சள் சட்டையைப் போட்டு ஆடியவர் அவர். அணி தடைபட்டிருந்த இரண்டு ஆண்டுகளையும் 2020-இல் அவரே விலகி நின்றதையும் கழித்துவிட்டால், அவர் இல்லாத சென்னை அணியை ஜனங்கள் கண்டதில்லை. 'சின்னத் தல' என்று பெயர் வைத்துக் கொண்டாடினார்கள். அதே நாளில் தீபக் சாஹரை 14 கோடி கொடுத்து எடுத்தார்கள். இரண்டுக்கும் பதினான்குக்கும் இடையில் விழுந்த பள்ளத்தில்தான் அந்தத் தேநீர்க்கடை இளைஞனும், அவனைப் போன்ற ஆயிரமாயிரம் பேரும் அன்றைக்கு விழுந்து கிடந்தார்கள்.

அணியின் நிர்வாகி பிறகு சமாதானம் சொன்னார். ரெய்னாவை இழப்பதில் எங்களுக்கும் வருத்தம்தான், ஆனால் இன்றைய ஆட்டத் திறனையும் அணியின் அமைப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது என்கிற பொருளில் பேசினார். நியாயமான பேச்சுத்தான். ஓர் அணி 90 கோடிக்கு மேல் செலவிடக் கூடாது என்று வரம்பும் இருந்தது. கணக்கு என்று வந்துவிட்டால் பாசத்துக்குப் பற்று வரவு ஏது?

கேள்வி இதுதான்: பணம் போட்டவர் ஒருவர்; பாசம் வைத்தவர் வேறொருவர். பாசம் வைத்தவனுக்குப் பணம் போட்டவரிடம் 'செலவு செய்' என்று சொல்ல உரிமை உண்டா?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. சோழவந்தான் பக்கம் வாய்க்கால் பாசன ஊர் எங்களுடையது. என் பதினாறு, பதினேழு வயதில் ஊரில் ஒரு கபடி அணி இருந்தது. அணியை வைத்திருந்தவர் ரைஸ்மில் முதலாளி. 'வைத்திருந்தவர்' என்றால், பனியன் எடுத்துக் கொடுப்பார். பொங்கல் சமயத்தில் வெளியூர்ப் போட்டிக்குப் போக மில் லாரியைத் தருவார். வழியில் ஆளுக்கு ஒரு பொட்டலம் புளிச்சோறு. பனியனில் மில்லின் பெயர் பெரிதாகவும் ஊரின் பெயர் சிறிதாகவும் இருக்கும். ஜெயித்து வந்த அண்டாக்களை ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். கேடயங்கள் மில் ஆபீஸ் அலமாரிக்குப் போகும். அந்தக் கேடயங்களுக்கு நடுவில் நின்று எடுத்த புகைப்படத்தை நோட்டீசில் போட்டுத்தான் அவர் ஒரு தேர்தலிலும் ஜெயித்தார். அதில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். நாங்களே ஜெயித்ததுபோல வெடி போட்டோம்.

அந்த அணியில் பாடிப் போவதில் ஒரு சூரன் இருந்தான். எதிர்க் கோட்டுக்குள் புகுந்தால் நாலு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவான். ஒரு தை மாதம் அலங்காநல்லூர்ப் பக்கம் நடந்த போட்டியில் ஐந்து பேர் ஒன்றாக மேலே விழுந்ததில் அவனுடைய முழங்கால் முறுக்கிக்கொண்டது. உள்ளே ஜவ்வு கிழிந்துவிட்டது என்றார் டாக்டர். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாயிரம் ரூபாய் செலவாகும் என்றார்கள். அன்றைக்கு எங்கள் ஊரில் அது ஒரு ஜோடி உழவு மாட்டுக்குக் கிட்டத்தட்ட வரும்.

ஏழெட்டுப் பேர் மில்லுக்குப் போய் நின்றோம். முதலாளி கணக்குப் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நானாடா அவனை விளையாடச் சொன்னேன்?"

ஊரே அவரைத் திட்டியது. நானும் திட்டினேன், எனக்கு அப்போதே கொஞ்சம் எழுத வரும் என்பதால் சற்று இலக்கியமாகவே திட்டினேன். திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த எங்கள் பெரியப்பா, "அது சரிடா, நீங்க என்ன குடுத்தீங்க?" என்றார். ரோஷம் வந்து, துண்டேந்தி வீடு வீடாகப் போனோம். மூன்று நாள் நடந்து சேர்ந்தது ஆயிரத்து நூற்றுச் சொச்சம். முதலாளியை மிக உரக்க வைத வீட்டில் ஐந்து ரூபாய் கொடுத்தார்கள். கிழவி ஒருத்தி, கபடி என்றால் என்னவென்றே கவலைப்படாதவள், ஐம்பது ரூபாய் கொடுத்தாள். அறுவை சிகிச்சை நடக்கவில்லை. அவன் இன்றைக்கும் காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான்.

நெடுநாள் வரைக்கும் நான் பெரியப்பாவின் கட்சியில்தான் இருந்தேன். கொடுக்காதவனுக்குக் கேட்க வாய் ஏது? சிம்மக்கல்லில் எனக்கு வந்த சிரிப்பும் பெரியப்பாவின் சிரிப்புத்தான்.

அந்தக் கட்சியிலிருந்து என்னை விலக்கியது ஒரு பழைய ஏலக் கணக்கு. 2008 ஜனவரியில் கிரிக்கெட் வாரியம் எட்டு அணிகளை விற்றது. எதை விற்றது என்று யோசித்துப் பாருங்கள். அன்று ஆட்டக்காரர்கள் இல்லை. அவர்களின் ஏலம் அடுத்த மாதம்தான். சட்டை இல்லை, கொடி இல்லை. இருந்தவை ஊர்ப் பெயர்கள். மும்பை இன்ன விலை, கொல்கத்தா இன்ன விலை. சென்னை என்ற பெயரை இந்தியா சிமென்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கியது. அந்தப் பெயருக்கு அத்தனை விலை எப்படி வந்தது? அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள், ஊர்ப் பெயரைக் கேட்டால் எழுந்து நிற்பார்கள் என்பதால் வந்தது. விலை வாரியத்துக்குப் போயிற்று. எழுந்து நிற்கப்போகிறவர்களை யாரும் கேட்கவில்லை.

நம் மதுரையையே எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் தொடங்கியபோது நமது அணிக்கு 'மதுரை சூப்பர் ஜயன்ட்' என்று பெயர். 2018-இல் 'சீகெம் மதுரை பாந்தர்ஸ்' ஆயிற்று. அந்த ஆண்டே கோப்பையையும் வென்றது. முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் மாறின. நடுவில் இருந்த மூன்றெழுத்து மாறவில்லை. அதை மாற்றினால் மிச்சம் ஒன்றும் இராது.

ஆகவே ரசிகன் வெறுங்கையன் அல்லன். பெயரைக் கொடுத்திருக்கிறான், கேட்காமல் எடுத்துக்கொள்ளப்பட்டது என்றாலும் கொடுத்தது கொடுத்ததுதான். எங்கள் ஊர்ப் பெயர் அந்தப் பனியனில் சிறிய எழுத்தில் இருந்தது என்றேன் அல்லவா? சிறிய எழுத்தானாலும் அது இல்லாமல் முதலாளிக்கு வோட்டு விழுந்திருக்காது.

ஆனால் இதை வைத்துக்கொண்டு 'ஆகவே கொட்டு பணத்தை' என்று சொல்லிவிட முடியுமா? அங்கேதான் தயங்குகிறேன். அள்ளி விடுகிறவன் எல்லாம் நல்ல முதலாளி அல்லன். ஹைதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ் 2009-இல் கோப்பை வென்றது. வைத்திருந்த நிறுவனம் கடனில் முழுகி, 2012-இல் அணியே இல்லாமல் போயிற்று. தவிர, நம்முடைய கோபத்துக்கும் நிலையான புத்தி கிடையாது. 2022-இல் சென்னை பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்தது, கஞ்சத்தனம் என்றோம். அடுத்த ஏலத்தில் ரஹானேயை வெறும் 50 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவர் விளாசி ஆடினார், 2023 கோப்பையும் வந்தது. அதே சிக்கனத்தை மதியூகம் என்றோம். அதே ஏலத்தில் பென் ஸ்டோக்ஸுக்கு 16 கோடியே 25 லட்சம் கொடுத்தார்கள். அவர் ஆடியது இரண்டே ஆட்டம். பிறகு 2025-இல் தோனியை 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். அணி கடைசி இடத்துக்குப் போனது. "நன்றி வேறு, ஆட்டம் வேறு, வயதானவர்களை எதற்குச் சுமக்கிறார்கள்?" என்று கேட்டவர்களில், ரெய்னாவுக்காக அழுதவர்களும் இருந்தார்கள். சிம்மக்கல் இளைஞனும் இருந்தான், நானே கேட்டேன்.

ஜெயிப்பதற்காகச் செலவு செய் என்கிறோம். ஜெயிக்க உதவாத நன்றிக்காகவும் செலவு செய் என்கிறோம். இரண்டையும் ஒரே பையிலிருந்து ஒரே நாளில் செய்ய எந்த முதலாளியாலும் ஆகாது.

அப்படியானால் நாம் கேட்கக்கூடியது என்ன? கோவில் தர்மகர்த்தாவிடம் கேட்கிற மாதிரி ஒன்றைக் கேட்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. உண்டியலில் ஒரு ரூபாய் போட்டவன் கோவிலுக்குச் சொந்தக்காரனாகிவிட மாட்டான். ஒன்றுமே போடாதவனுங்கூட, "இந்த வருஷம் தேர் ஏன் ஓடவில்லை?" என்று கேட்கலாம். சக்கரம் பழுது, பணம் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தர்மகர்த்தா சொன்னால், திட்டிக்கொண்டே திரும்பிப் போகலாம். ஆனால் "தேரைப் பற்றிக் கேட்க நீ யார்?" என்று அவர் சொல்லக் கூடாது.

அமெரிக்காவில் ஓக்லண்ட் என்ற ஊரில் இதுதான் நடந்தது. பேஸ்பால் அணி; 1968 முதல் அந்த ஊரில் இருந்தது. முதலாளி செலவைச் சுருக்கிக்கொண்டே வந்தார். 2023-இல் அந்த லீக்கிலேயே மிகக் குறைந்த சம்பளப் பட்டியல் அவருடையது. மைதானம் காலியாயிற்று. 'ஜனங்கள் வருவதில்லை, அணியை வேறு ஊருக்குக் கொண்டுபோகிறேன்' என்று காரணம் காட்டப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 13-ஆம் தேதி ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வராமல் இருந்து எதிர்ப்பதற்குப் பதிலாக, வந்து எதிர்த்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு 27,759 பேர் வந்து உட்கார்ந்து, 'அணியை விற்றுவிடு' என்று முழங்கினார்கள். அன்று அணி ஜெயித்தது. ஆயினும் 2024 செப்டம்பரில் அந்த ஊரில் கடைசி ஆட்டம் ஆடிவிட்டு அணி போயே போய்விட்டது.

இதைப் படித்தபோது எனக்கு மில் ஆபீஸ்தான் நினைவுக்கு வந்தது. முதலாளி பன்னிரண்டாயிரம் கொடுக்காததைக்கூட நான் இன்று மன்னித்துவிடுவேன். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் சரியாக வரவில்லை. நெல் வரத்து இல்லை. மில் பாதி நாள் ஓடவில்லை என்பது பின்னால் தெரிந்தது. "இப்ப கையில இல்லப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்திருப்போம். 'நானாடா விளையாடச் சொன்னேன்?' என்றாரே, அதைத்தான் முப்பது வருஷமாகியும் என்னால் விழுங்க முடியவில்லை. ரெய்னா விஷயத்தில் சென்னை அணி ஒரு வார்த்தையாவது சொல்லிற்று.

சிம்மக்கல் இளைஞன் அந்த வார்த்தையால் சமாதானம் ஆகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக வேண்டும் என்று சட்டமும் இல்லை.

மில் இப்போது இல்லை. முதலாளி காலமாகி, பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள். ஆபீஸைக் காலி செய்த அன்று, அந்தப் பழைய சூரன் காலைச் சாய்த்துச் சாய்த்துப் போய் அலமாரிக் கேடயங்களைக் கேட்டிருக்கிறான். மூத்த பிள்ளை, "எடுத்துட்டுப் போங்கண்ணே, பழைய சாமான்காரனுக்குத்தான் போடணும்னு வச்சிருந்தேன்" என்றாராம். ஏழு கேடயங்களும் இப்போது மந்தைச் சாவடியில், சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கின்றன. போன பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, அவன் அவற்றைக் கழற்றி வைத்துக்கொண்டு புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தான். மில்லின் பெயரையும் சேர்த்துத்தான்.