மரியன்ஹில் பாடசாலையும் நமது பாடசாலைகளும்



மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்திலே, விதைத்தவனைப் பற்றி யேசுநாதர் சொன்ன சிறியதொரு உவமை இருக்கிறது. வித்தைப் போட்டவன் படுத்தெழும்பித் தன் பாட்டில் இருக்கிறான். மண்ணுக்குள்ளே என்ன நடக்கிறதென்று அவனுக்கே விளங்குவதில்லை. ஆனால் பயிர் வளர்ந்துவிடுகிறது. கத்தோலிக்க பாடசாலை ஒன்றின் சரித்திரத்தைப் படிக்கும்போது இவ்வுவமையை நினையாமல் இருக்க முடியாது. இவ்வாரம் நாம் பார்க்கப்போவது தூரதேசத்துப் பாடசாலை ஒன்று. ஆனால் அதன் கதை நமக்குப் புதிதல்ல.

தென்னாபிரிக்காவிலே டேர்பன் நகருக்கு அண்மையில் மரியன்ஹில் என்றொரு இடம் உண்டு. தேவதாயாரின் பெயரையும் அவருடைய தாயாரான அன்னம்மாளின் பெயரையும் சேர்த்து ஒரு குன்றுக்கு இட்ட பெயர் அது. 1882ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே திறப்பிஸ்து துறவிகள் அங்கே குடியேறினார்கள். அவர்களுக்குத் தலைவர் பிரான்ஸ் ப்பானர் என்னும் ஒஸ்திரியா தேசத்துக் குருவானவர். தென்னாபிரிக்காவுக்குத் துறவிகள் வேண்டுமென்று ஓர் ஆயர் மன்றாடியபோது மற்றவர்கள் பேசாதிருக்க, "ஒருவரும் போகாவிட்டால் நான் போகிறேன்" என்று எழும்பியவர் இவர்தான். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

திறப்பிஸ்து துறவிகள் மௌனம் காப்பவர்கள். செபமும் உழைப்புமே அவர்கள் வாழ்வு. பாடசாலை நடத்துவது அவர்களுடைய ஒழுங்குக்குள் அடங்குவதல்ல. ஆனாலும் சூலு இனத்துப் பிள்ளைகளைக் கண்டவர் சும்மா இருக்கவில்லை. முதலில் ஆண்பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தார். வைத்துக் கொஞ்ச நாளிலேயே ஓர் உண்மை அவருக்குத் தெளிவாயிற்று. ஆண்பிள்ளைகளை மட்டும் படிப்பித்தால் பாதி வீடுதான் கட்டியதாகும். தாயாகப் போகிறவள் படிக்காத வீட்டில் படிப்பும் விசுவாசமும் நிலைக்கமாட்டா. ஆகவே 1885இல் ஐரோப்பாவிலிருந்து பெண் உதவியாளர்களை அழைத்தார். அவர்களே பின்னர் திரு இரத்தத்தின் மறைபரப்புச் சகோதரிகள் என்ற சபையானார்கள். ஆண்களின் மடத்துக்குப் பக்கத்திலே பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையா என்று முகஞ்சுழித்தவர்கள் இருந்திருப்பார்கள். 1929இல்கூடப் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர், ஆணும் பெண்ணும் வேறுபாடின்றி ஒன்றாய்ப் படிக்கும் முறையைத் தமது சுற்றுமடலிலே கண்டித்திருந்தார். அப்படியிருந்தும் மரியன்ஹிலில் புனித பிரான்சிஸ் கல்லூரி, நாம் கலவன் பாடசாலை என்று சொல்லும் வகையிலேயே வளர்ந்தது.

ப்பானர் இதையெல்லாம் இருந்து பார்க்கவில்லை. சபையின் ஒழுங்கை மீறினார் என்று 1892இல் அவரைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எம்மாவூஸ் என்னும் சிறிய மறைபரப்புத் தளத்திலே ஒதுங்கி வாழ்ந்து, 1909 வைகாசியில் மரித்தார். அதே ஆண்டில்தான் மரியன்ஹில் துறவிகள் திறப்பிஸ்து சபையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனியான மறைபரப்புச் சபையாயினர்.

பயிர் வளர்ந்தது. மரியன்ஹிலில் ஆசிரியர் பயிற்சி பெற்ற பெனடிக்ற் விலக்காசி சூலு மொழியின் பெருங்கவிஞரானார். 1946இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். தென்னாபிரிக்கக் கறுப்பினத்தவருள் அப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே.

பிறகு 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. கறுப்பினப் பிள்ளைக்குக் கணிதம் படிப்பித்து என்ன பிரயோசனம் என்று பாராளுமன்றத்திலே கேட்ட வெர்வூட் என்னும் அமைச்சரே இதற்குச் சூத்திரதாரி. மிஷன் பாடசாலைகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் உதவிப்பணம் படிப்படியாக நின்றுபோகும். ஆசிரியர் பயிற்சியையும் அரசு தன் கைக்குள் எடுத்தது. மற்றச் சபைகள் பல தங்கள் பாடசாலைகளைக் கையளித்தன அல்லது மூடின. கத்தோலிக்க ஆயர்களோ, முடிந்தவரை வைத்திருப்போம் என்று தீர்மானித்து, 1955இல் நாடெங்கும் பணம் திரட்டினார்கள். டேர்பன் பேராயர் டெனிஸ் ஹேர்லி இதிலே முன்னின்றார். பணம் போதவில்லை. ஆசிரியர்கள் குறைந்த சம்பளத்துக்குப் படிப்பித்தார்கள். அவர்களுக்கும் பிள்ளை குட்டிகள் இருந்தன என்பதை நாம் மறக்கலாகாது.

அப்படிக் காப்பாற்றப்பட்ட கல்லூரிக்கு 1964இல் ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். தமையன் கைதானதன் காரணமாக வேறொரு கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டவன். ஸ்ரீவ் பீக்கோ என்பது பெயர். அவன் கத்தோலிக்கனல்ல, அங்கிலிக்கன். குருக்களும் கன்னியரும் நடத்திய கண்டிப்பான ஆட்சி அவனுக்குப் பிடிக்கவில்லை. விசுவாசத்தைப் பற்றிக் கடினமான கேள்விகளைக் கிளப்பித் தனக்குத் தெரிந்த அங்கிலிக்கன் குருவானவருக்கு எழுதினான். கேள்வி கேட்கிற பிள்ளையைத் தாங்கிக்கொள்வதும் கத்தோலிக்க பாடசாலையின் வேலைதான். எல்லாரும் தலையாட்டுகிற வகுப்பிலே வித்து முளைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தன் மக்கள் தலைநிமிர வேண்டுமென்று உழைத்த அவர், 1977 செப்ரெம்பர் 12ஆம் திகதி பொலிஸ் காவலிலே மரித்தபோது வயது முப்பது.

நமது நாட்டிலே 1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இரண்டையும் ஒன்றென்று சொல்வது நியாயமல்ல. அங்கே ஓர் இனத்தைத் தாழ்த்தி வைப்பதே நோக்கம். இங்கே எல்லாருக்கும் சமமான கல்வி என்ற நியாயமும் சொல்லப்பட்டது, அதில் உண்மையும் இருந்தது. ஆனால் திருச்சபையின் முன் நின்ற கேள்வி ஒன்றே. கட்டடம் போனபின் எதைக் காப்பாற்றுவது? யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி போன்ற சில, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக நின்றன. ஏனையவை இன்றும் அரசாங்கப் பாடசாலைகளே. பெயரில் மட்டும் புனிதர் இருக்கிறார்.

பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பிள்ளையைக் கத்தோலிக்க பாடசாலையில் சேர்க்க எத்தனை கடிதம் வாங்குகிறீர்கள், எத்தனை வாசற்படி ஏறுகிறீர்கள்! அதே பிள்ளை ஞாயிறு காலையிலே மறைக்கல்வி வகுப்பை விட்டு ரியூசனுக்குப் போகும்போது வழிமறிப்பவர் யார்? பரீட்சை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. விலக்காசியும் பரீட்சை எழுதியவர்தான். ஆனால் குறைந்த சம்பளத்துக்கு நின்று படிப்பித்தவர்கள் பிள்ளைக்குக் கொடுக்க விரும்பியது பெறுபேறு மட்டுமல்ல.

கார்த்திகை மாதத்திலே சேமக்காலைக்குப் போகிறோம். நமது ஊர்ப் பாடசாலையிலே அரைச் சம்பளத்துக்கும் சம்பளமில்லாமலும் படிப்பித்த வாத்தியார்மாரும் ரீச்சர்மாரும் அங்கே கிடக்கிறார்கள். அவர்களுடைய கல்லறைகளிலும் ஒரு மெழுகுதிரியை ஏற்றி, அவர் இன்னார், இன்ன பாடம் படிப்பித்தவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.